தொட்டிக்குள் கை போன கணக்கு

என் முதல் மீன் தொட்டி ஆறே நாளில் முடிந்துபோனது. அதை மறைத்துவிட்டு இரண்டாவதைப் பற்றி மட்டும் எழுதினால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது போல் ஆகிவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காலையில் தொட்டி வாங்கினேன், மதியம் தண்ணீர் நிரப்பினேன், சாயங்காலம் 8 கப்பி மீன்களை விட்டேன். கீழே நீலக் கல், நடுவில் பிளாஸ்டிக் செடி, மூடி திறந்து திறந்து குமிழி விடும் ஒரு புதையல் பெட்டி. நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஆறாம் நாள் வலையில் அள்ள வேண்டியதாயிற்று. “தண்ணீர் இவ்வளவு தெளிவா இருக்கே, எப்படிச் செத்துச்சு?” என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். மீன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும். அந்த நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். இவை தொட்டியில் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நான் கொடுத்தது 4 மணி நேரம்.

ஒரு வருடம் தொட்டி பரணில் கிடந்தது. அப்புறம்தான் லோ டெக் செடித் தொட்டிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது, கண்ணைக் கூசும் விளக்கு கிடையாது, வாராவாரம் உரம் ஊற்றும் வேலை கிடையாது. டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி பரவலாக்கிய முறை இது: அடியில் சாதாரண மண், அதன் மேல் மணல், நிறையச் செடி. நீர்ச்செடிகளில் பல, நைட்ரேட்டைவிட, அம்மோனியா நீரில் எடுக்கும் வடிவமான அம்மோனியத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். அதாவது என் கப்பிகளைக் கொன்ற அதே பொருள் செடிக்குச் சாப்பாடு. இந்த ஒரு வரியைப் படித்த அன்றே பரணில் ஏறிவிட்டேன்.

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். ஏறக்குறைய 65 லிட்டர், அதாவது முழுக்க நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 65 கிலோ. மண்ணும் கண்ணாடியும் சேர்ந்தால் ஒரு பெரிய ஆள் மேசை மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. எங்கள் வீட்டு மேசையை ஒரு கையால் உலுக்கிப் பார்த்தேன், ஆடியது. வேறு மேசைக்கு மாறினேன். அடியில் ஒரு தெர்மாகோல் தகடு.

உரமோ பூச்சிமருந்தோ படாத தோட்டத்து மண்ணைச் சலித்து, வாளியில் ஊறவைத்து, மிதக்கும் குச்சியையும் சருகையும் வடித்தேன். மூன்று நாள் இதே வேலை. பிறகு 2.5 செ.மீ. மண், அதன் மேல் 3 செ.மீ. கழுவிய மணல். வைக்கவிருந்த கல்லின் மீது இரண்டு சொட்டு வினிகர் விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்புக் கல், உள்ளே போனால் நீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். அது இப்போது கதவுக்கு முட்டாக இருக்கிறது.

தண்ணீர் ஊற்றும்போது மணல் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மீது மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். நான் பாதி வரை பொறுமையாக ஊற்றிவிட்டு, மீதியை வாளியோடு கவிழ்த்தேன். மணலில் ஒரு குழி விழுந்து, அதிலிருந்து மண் புகை மாதிரி எழும்பியது. இரண்டு நாள் அடுத்த பக்கம் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் ஏதாவது ஒரு சாக்கில் கையை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தேன். என் கணவர் ஒரு தாளை எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி, “இனிமே கை உள்ள போனா ஒரு கோடு போடு” என்றார். முதல் வாரம் 23 கோடு.

செடிகள் எல்லாமே பாடுபட வேண்டாத ரகம். பின்னால் வாலிஸ்நேரியா. முன்னால் கிரிப்டோகோரைன். ஜாவா ஃபெர்னை நூலால் ஒரு கட்டையில் கட்டினேன். அதன் கிழங்கு போன்ற தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். மேலே கொஞ்சம் மிதவைச் செடி. ஒரு விஷயம்: முதல் நாளே நெருக்கமாக நடுங்கள். நான்கு செடி வைத்து அது பரவட்டும் என்று காத்திருந்தால், செடிக்கு முன்னால் பாசி பரவிவிடும்.

அடுத்து நடந்தது எல்லாமே பார்க்கப் பயமுறுத்தும் சங்கதிகள். மண்புகை அடங்கிய கையோடு தண்ணீர் பால் கலந்தது போல் வெளுத்தது. அது பாக்டீரியா பெருக்கம், தானாகவே தெளிந்தது. இரண்டாம் வாரம் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புப் பொடி. டையாட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டிக்கு வரும், போகும். மணலிலிருந்து டப் டப் என்று காற்றுக் குமிழி. எல்லாவற்றையும்விட, கிரிப்டோகோரைன். ஒரு வாரத்தில் இலைகள் கண்ணாடித்தாள் போல ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெலிந்து, தொட்டால் கூழாகக் கரைந்தன. பண்ணைகளில் இந்தச் செடியைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலைகளால் நீருக்கடியில் வாழ முடியாது. வேர் உயிரோடு இருந்தால் நீருக்கு ஏற்ற புது இலை வரும். படித்துத் தெரிந்துதான் வைத்திருந்தேன். இருந்தாலும் பிடுங்கி எறியக் கை பரபரத்தது. தாளைப் பார்த்துப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

விளக்கை முதலில் 10 மணி நேரம் எரியவிட்டது என் தப்பு. கண்ணாடி பச்சையாகியது. டைமர் போட்டு 6 மணி நேரமாகக் குறைத்ததும் அடங்கியது. அம்மோனியா சோதனைக் குழாய் முதல் வாரங்களில் பச்சை காட்டியது, அதாவது அம்மோனியா இருக்கிறது, மண்ணிலிருந்து கசிவது. நாளாக ஆக மஞ்சளுக்கு இறங்கியது. ஆறாம் வாரம் அம்மோனியாவும் சுழியம், நைட்ரைட்டும் சுழியம். அந்த வாரக் கோடு ஒன்றே ஒன்று. கிரிப்டோகோரைன் இருந்த இடத்தில், மணலை ஒட்டி, அரிசி அளவில் செம்பு நிறத்தில் ஒரு சுருண்ட முனை. மறுநாள் 6 ராஸ்போரா மீன் விட்டேன். ஆறும் இருக்கின்றன.

உங்கள் தொட்டிகளில் என்ன நடந்தது? கெட்டதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

* * *

அக்கா, எனக்கு ஆறு மாதம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பில்டர் பஞ்சு கறுப்பாக இருந்தது. நல்ல பிள்ளையாக அதைக் குழாயடியில் வைத்து, பிழிந்து பிழிந்து, புதுப் பஞ்சு போல வெளுக்கும் வரை கழுவினேன். மூன்றாம் நாள் நைட்ரைட் ஏறிவிட்டது. குழாய்த் தண்ணீரில் குளோரின். ஆறு மாதமாக அந்தப் பஞ்சில் குடியிருந்த பாக்டீரியாவை நானே கழுவி ஊற்றியிருக்கிறேன். அன்றிலிருந்து தினம் பாதித் தண்ணீர் மாற்றி, ஒரு வாரம் தூக்கமில்லை. மீன் பிழைத்தது, செடி நிறைய இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை இரண்டு முறை அமுக்கிவிட்டுத் திரும்பப் போட்டுவிடுவேன். அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

* * *

என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி. செடி அதிகமானதால் வந்த வினை.

மிதவைச் செடி அழகாக இருக்கிறதென்று ஒரு இலையைக்கூட எடுக்காமல் விட்டேன். மேற்பரப்பு முழுக்கப் பாய் விரித்தாற்போல் ஆனது. அப்போது நல்ல வெயில் காலம். பகலில் மீன்கள் சாதாரணமாக நீந்தும், நன்றாகத் தின்னும். ஆனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒன்று காலையில் செத்துக் கிடக்கும். அம்மோனியா பார்த்தேன், சுழியம். நைட்ரைட்டும் சுழியம். மருந்துகூட ஊற்றினேன், என்ன நோயென்றே தெரியாமல்.

ஒருநாள் விடியற்காலை 5 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன், டார்ச் அடித்துப் பார்த்தேன். அத்தனை மீனும் இலைகளுக்கு நடுவிலிருந்த ஒரு கை அகல இடைவெளியில் முண்டியடித்துக்கொண்டு, வாயை மேற்பரப்பில் ஒட்டிவைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்பது மணிக்குப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்துகின்றன!

செடி பகலில்தான் ஆக்சிஜன் தரும். இரவில் அதுவும் நம்மைப் போலச் சுவாசிக்கிறது, மீனோடு பங்குக்கு வருகிறது. சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதே குறைவு. இதற்கு மேல் நான் மூடி வேறு போட்டிருந்தேன், மிதவைச் செடியாலான பச்சை மூடி. பாதி மிதவையை அள்ளி வெளியே போட்டேன். இரவில் மட்டும் காற்று ஊதும் ஏரேட்டர் ஓடுகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை. காரணம் தெரியாமல் மீன் சாகிறது என்பவர்கள், எதையும் வாங்கி ஊற்றுவதற்கு முன் ஒருநாள் விடியும் முன் எழுந்து பாருங்கள்.

* * *

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. செடியோடு நத்தை முட்டை வந்தது, இலைக்கு அடியில் ஒரு சொட்டு ஜெல்லி போல. ஒரே மாதத்தில் கண்ணாடி முழுக்க நத்தை. கடையில் நத்தை மருந்து கொடுத்தார்கள், “மீனுக்கு ஒன்றும் ஆகாது” என்றார்கள். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். என்னிடம் 40 செர்ரி இறால் இருந்தது, அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருந்தில் தாமிரம். மறுநாள் காலை எல்லாம் வெளிறிப்போய்க் கவிழ்ந்து கிடந்தன. நத்தைகளில் பாதி தப்பித்துவிட்டன என்பதுதான் கொடுமை.

தீனியைக் குறைத்தேன். நத்தை தானாகக் குறைந்தது. மிஞ்சிய தீனிதான் அதுவரை நத்தையாகிக்கொண்டிருந்தது.

* * *

வணக்கம்மா. நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் மண் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் பணி ஓய்வுக்குப் பிறகு மூன்று தொட்டி வைத்திருக்கிறேன், மூன்றிலும் மண் கிடையாது.

முன்பு ஒன்றில் இருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு கிரிப்டோகோரைனை இடம் மாற்றலாம் என்று பிடித்து இழுத்தேன். அந்தச் செடிக்கு மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பது அதிகம். வேரோடு ஒரு கை மண்ணும் கிளம்பியது, கூடவே அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் புகாத மண்ணடியில் உண்டாவது. ஜன்னலைத் திறந்து, தண்ணீரை மாற்றி, மீன்களை வாளிக்கு மாற்றி, வீட்டில் நான் கேட்காத வார்த்தை இல்லை.

இப்போது வெறும் மணல், கட்டையில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். மணலில் வேர் ஊன்றும் செடிகளுக்கு மட்டும் சில மாதத்துக்கு ஒருமுறை உர மாத்திரை ஒன்று புதைப்பேன். கட்டையைக் கொதிக்க வைத்தும் தண்ணீர் தேநீர் நிறத்தில்தான் இருக்கிறது. மீன் அதைப் பொருட்படுத்தவில்லை, எனக்கும் பழகிவிட்டது. அனுபியாஸ் மெதுவாக, ரொம்ப மெதுவாக வளரும். சில மாதம் ஒரு இலைதான் வரும். இந்த வயதில் எனக்கு அந்த வேகம் போதும்.

* * *

எல்லோருக்கும் நன்றி. விடியற்காலை ஐந்து மணிக் கதையைப் படித்த அன்றே என் தொட்டியின் மிதவையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டேன்.

ஐயா சொன்ன நாற்றம் எனக்கும் ஒருமுறை லேசாக வந்தது, வாலிஸ்நேரியா கண்டபடி ஓடிக் கன்று விட்டபோது ஒன்றை இழுத்ததால். இப்போது மண் தொட்டியில் எதையும் பிடுங்குவதில்லை. வேண்டாத செடியை மணல் மட்டத்தில் கத்தரியால் வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டுவிடுகிறேன். மண்ணுக்குள் நுழைந்து கிளறும் ட்ரம்பெட் நத்தைகளும் உண்டு, இரவில்தான் வெளியே வரும். நத்தையால் நொந்தவரிடம் இதைச் சொல்வது சரியில்லை, தெரியும்.

தாள் இன்னும் பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது. இந்த வாரம் இரண்டு கோடு. ஒன்று, வெட்டிய இலைகளை எடுக்க. இன்னொன்று, அந்தக் கோட்டைப் போடப் போனபோது உள்ளே விழுந்த பென்சிலை எடுக்க.