‘அம்பை வீடு’ குழுவில்: பெரியப்பா கணக்கில் போன பணம்

செவ்வாய், காலை 6:52

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். நேற்று காலை 10:40-க்கு என் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது. கூகுள் பிளே என்று போட்டிருக்கிறது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. யார் எடுத்தது?

பெரியப்பா: 📷 படம்

அப்பா: அண்ணே, உடனே சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு அடிங்க

அப்பா: ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா?

செல்வி அக்கா: ஐயோ

ராஜா அத்தான்: மாமா, கார்டை பிளாக் பண்ணிடுங்க

அப்பா: கல்லிடையில் ஒருத்தருக்கு இப்படித்தான் முதலில் கொஞ்சமாகப் போனது. மறுநாள் மொத்தமும் போச்சு

பாலா: யாரும் எதையும் பிளாக் பண்ண வேண்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேம் வாங்கிய ரசீது அது. ஸ்டார்டியூ வேலி.

பெரியப்பா: அது எந்த ஊர்?

மீனா மைனி: கவின்!!!

செல்வி அக்கா: 🤣

மீனா மைனி: மாமா, நேற்று அவனிடம் உங்கள் போன் இருந்ததா?

பெரியப்பா: லீவுக்கு வந்த நாளிலிருந்து அவனிடம்தானே இருக்கிறது. எனக்குப் போன் வந்தாலும் அவன்தான் எடுக்கிறான்.

பாலா: ஆனால் பொதுவாக யூபிஐ பின் போட்டால்தான் பணம் போகும். பெரியப்பா, உங்கள் பின் யாருக்கெல்லாம் தெரியும்?

பெரியப்பா: எனக்கும் உன் பெரியம்மாவுக்கும்தான்.

காலை 7:20

பெரியம்மா: 🎤 0:47

மீனா மைனி: நான் பஸ்ஸில் இருக்கிறேன், கேட்கவில்லை. அத்தை என்ன சொல்கிறார்கள்?

செல்வி அக்கா: இருங்க மைனி, டைப் பண்றேன். “நான்தான் பின் போட்டேன். பேரப்பிள்ளை விவசாயம் பண்ற விளையாட்டுன்னு கேட்டான். பெத்த பிள்ளை வயலில் இறங்கலை, இவனாவது போனிலே இறங்கட்டுமே. களவுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டாம்.” அப்புறம் மாவடு பாட்டிலை யாரும் திருப்பி அனுப்பலையாம்.

முருகன் அண்ணன்: அம்மா 😐

ராஜா அத்தான்: மச்சானுக்குக் காலையிலேயே ஒரு குத்து

அப்பா: அது சரி, விளையாட்டுக்கு எதற்குக் காசு? எல்லாம் சும்மாவே கிடைக்குதே

பாலா: அப்பா, சும்மா கிடைக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இலவச விளையாட்டைச் செய்தவனும் சம்பாதிக்கத்தான் செய்கிறான். ஒன்று விளம்பரம், இல்லை உள்ளே விற்கிற வைரம், காசு, சாவி. அதற்கேற்ற மாதிரிதான் விளையாட்டையே கட்டுவான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்துவான். கேண்டி க்ரஷில் 5 உயிர், போனால் ஒரு உயிர் திரும்பி வர 30 நிமிடம். காத்திரு, இல்லாவிட்டால் காசு கொடு. பொறுமை போகிற இடம் எது என்று பார்த்து அங்கேதான் கடை போடுவான். பணம் கொடுத்து வாங்குகிற விளையாட்டில் கடை வாசலோடு முடிந்துவிடும். உள்ளே போன பிறகு உன்னை எரிச்சல் படுத்துவதால் அவனுக்கு லாபம் இல்லை.

செல்வி அக்கா: கேண்டி க்ரஷ் பற்றி மட்டும் பேசாதே. இத்தனை வருஷத்தில் ஒரு பைசா கொடுத்ததில்லை நான்

பாலா: உங்களுக்கும் சேர்த்து வேறு யாரோ கொடுக்கிறார்கள் அக்கா. நூற்றுக்குச் சில பேர்தான் காசு போடுவார்கள், மீதிப் பேர் கூட்டம் காட்ட.

செல்வி அக்கா: நல்ல மனுஷங்க, நல்லா இருக்கட்டும்

அப்பா: பாலா இவ்வளவு நீளமாக எழுதுகிற நேரத்தில் ஒரு ஜாதகம் பார்த்திருக்கலாம்

ராஜா அத்தான்: 🤣🤣

மீனா மைனி: காசு விஷயத்துக்கு வாருங்கள். ஒரு விளையாட்டுக்கு இப்படிக் கொடுத்தால் நாளைக்கு இன்னொன்று கேட்பான்

செல்வி அக்கா: மைனி, உங்களுக்கு 500 ரூபாய்க்குள் போனது. எங்க அஸ்வின் போன வருஷம் துப்பாக்கி விளையாட்டில் 80, 160 என்று பிச்சுப் பிச்சு 3,000 ரூபாய்க்குச் சட்டை வாங்கினான்

பெரியப்பா: சட்டையா?

செல்வி அக்கா: விளையாட்டுக்குள்ளே ஓடுற பொம்மைக்கு அப்பா

பெரியப்பா: தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த சட்டையை அவன் போடவே இல்லை.

ராஜா அத்தான்: செல்வி, அதை ஏன் இங்கே சொல்றே

செல்வி அக்கா: பிள்ளை யாரைப் பார்த்துக் கத்துக்கிட்டான்னு அதையும் சொல்லட்டுமா? 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடுற ஆட்டத்துக்கு டெல்லியில் சட்டம் போட்ட பிறகுதான் எங்க வீட்டில் ராத்திரி விளக்கு அணையுது

ராஜா அத்தான்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகன் அண்ணன்: ஏட்டி, குழுவில் வேண்டாம்

பாலா: அத்தான் விவகாரம் வேறு, இது வேறு. சீட்டு ஆப்பையும் இதையும் ஒன்றாகப் போடாதீர்கள். இதை எரிக் பரோன் என்று ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தார். படம், பாட்டு, கதை எல்லாம் அவரே. 2016-ல் கம்ப்யூட்டருக்கு, 2018-ல் ஐபோனுக்கு, 2019-ல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. ஒரு தடவை வாங்கினால் போதும், விளம்பரம் இல்லை, உள்ளே கடையும் இல்லை. 2024 நவம்பரில் போனுக்குப் பெரிய அப்டேட் கொடுத்தார், அதற்கும் காசு வாங்கவில்லை. கவின் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறான் என்றால் விவரமான பயல்தான்.

அப்பா: ஒரே ஆளா?

அப்பா: உன்னைப் போல் கல்யாணம் ஆகாதவனோ

பாலா: 🙏

காலை 8:05

முருகன் அண்ணன்: மீட்டிங் முடிந்தது. பாலா, நீ சொல்வது பாதிதான் சரி. காசு கொடுத்தால் நம்முடையது என்று நினைக்கிறோம், அது அப்படி இல்லை. 2017-ல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 11 வந்ததும் பழைய 32 பிட் முறையில் செய்த விளையாட்டு எதுவும் திறக்காது என்றாகிவிட்டது. செய்தவன் புதுப்பிக்காவிட்டால் அவ்வளவுதான், கொடுத்த காசுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பாலா: உண்மைதான் அண்ணே. அதைவிடக் கொடுமை ஆங்ரி பேர்ட்ஸ். பழைய விளையாட்டை 2022-ல் அந்தக் கம்பெனியே புதுப்பித்து 99 சென்டுக்கு விட்டது. விளம்பரமும் வைரமும் கிடையாது. 2023 பிப்ரவரியில் அதை அவர்களே பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். தங்கள் மற்ற விளையாட்டுகளை அது பாதிக்கிறது என்றார்கள். மற்றவை பெரும்பாலும் இலவச வகை. அதாவது ஒரு தடவை காசு வாங்கிக்கொண்டு ஆளை நிம்மதியாக விடுவது அவர்களுக்கே கட்டுப்படியாகவில்லை.

முருகன் அண்ணன்: நான் சொன்னதைத்தானே நீயும் சொல்கிறாய்

பாலா: இல்லை அண்ணே. நல்லதாகக் காசுக்கு விற்கிறவனிடம் நாம் வாங்காவிட்டால் எல்லாரும் அந்த வழிக்குத்தான் போவார்கள் என்கிறேன். மானுமென்ட் வேலி எவ்வளவு பெயர் வாங்கின விளையாட்டு! 2015 ஜனவரியில் செய்தவர்களே கணக்குச் சொன்னார்கள், ஆண்ட்ராய்டில் போட்டதில் நூற்றுக்கு 5-தான் காசு கொடுத்தது. மீதி எல்லாம் திருட்டு என்றில்லை, ஒருவரே இரண்டு போனில் போட்டதும் அதில் சேரும். இருந்தாலும் 5!

அப்பா: அந்த 95-ல் நான் இருந்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் எது கேட்டாலும் பிளே ஸ்டோர் பக்கமே போகாமல் ஏபிகே ஃபைலாகப் போட்டுத் தருகிறான்

பாலா: அப்பா, 1930-க்கு அடிக்க வேண்டியது அப்போதுதான்

மீனா மைனி: 🤣

அப்பா: கோயில் கொடைக்கு இந்த வருஷம் தலைக்கட்டு வரி எவ்வளவு என்று கேட்டேன் அண்ணே, பதிலே இல்லை

பெரியப்பா: கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

செல்வி அக்கா: போன வருஷ வரியே முருகன் அண்ணன் இன்னும் கொடுக்கலையாம்

முருகன் அண்ணன்: கொடுத்தாச்சு. ஜிபேயில் இருக்கு. தேடி அனுப்புறேன்

காலை 9:14

பெரியப்பா: கவினிடம் அந்த விளையாட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆரம்பத்திலேயே தாத்தா படுத்த படுக்கையாக இருக்கிறார். பேரன் கையில் ஒரு கடிதம் கொடுக்கிறார். அதில் தோட்டத்தை அவன் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறார்.

அப்பா: நேராகப் பேரனுக்கா? மகனுக்கு இல்லையா?

முருகன் அண்ணன்: சித்தப்பா, இப்போது எதற்கு அந்தப் பேச்சு

அப்பா: நான் விளையாட்டைச் சொன்னேன்

முருகன் அண்ணன்: சரி

செல்வி அக்கா: 👀

பெரியப்பா: பேரன் பட்டணத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறான். அது எனக்குப் பிடித்தது. ஆனால் ஏதோ ஒரு கிழங்கு 4 நாளில் விளைகிறது என்கிறான். இங்கே கன்னடியன் கால்வாயில் எப்போது தண்ணீர் விடுவான் என்று தெரியாமல், கார் பருவ நெல் நடவு உண்டா இல்லையா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பாலா: அது பார்ஸ்னிப் பெரியப்பா. அதில் ஒரு பருவமே 28 நாள்தான். நெல்லும் உண்டு, தண்ணீர் ஓரமாக நட்டால் சீக்கிரம் விளையும்.

பெரியப்பா: உரம் எவ்வளவு?

பாலா: அதைக் கவினிடம் கேளுங்கள்

மீனா மைனி: மாமா, நீங்களும் அவனோடு சேர்ந்து உட்காராதீர்கள். பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா பாலா?

பாலா: வாங்கின 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்கவேண்டுமென்றால் நாளைக் காலைக்குள் கேட்க வேண்டும். ஆனால் நான் ஒன்று சொல்கிறேன் மைனி, திருப்பாதீர்கள். இந்தப் பணம் போன பிறகு இனி எதுவும் போகாது. இலவசத்தைக் கொடுத்தால் எங்கே போய் முடியும் என்று செல்வி அக்கா சொல்லிவிட்டார்கள். இன்னொரு வழி பிளே பாஸ் என்கிற கூகுள் சந்தா. 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் ₹99. ஏகப்பட்ட விளையாட்டு வரும். ஆனால் மாதம் 99 என்றால் வருஷத்துக்கு 1,188, நிறுத்த மறந்தால் ஆட்டோபேயில் போய்க்கொண்டே இருக்கும். ஒரே விளையாட்டை வருஷக்கணக்கில் ஆடுகிற பிள்ளைக்கு ஒரு தடவை வாங்குவதுதான் லாபம்.

மீனா மைனி: அவன் வருஷக்கணக்கில் ஆடுவதுதான் என் பயமே

ராஜா அத்தான்: கேள்வி. வாங்கினது மாமா போனில். ஜூனில் அவன் சென்னை போயிட்டா?

பாலா: நல்ல கேள்வி அத்தான். கூகுளில் குடும்பக் குழு ஒன்று அமைத்தால், தகுதி உள்ள கட்டண ஆப்பை 6 பேர் வரை பகிரலாம். உள்ளே வாங்குகிற வைரம், சட்டை எல்லாம் அப்படிப் பகிர முடியாது. இங்கேயும் காசு கொடுத்து வாங்கினதுக்குத்தான் மதிப்பு.

பெரியப்பா: 6 பேர்தானா?

பாலா: மேலாளரையும் சேர்த்து 6.

அப்பா: மேலாளர் யார்?

பெரியப்பா: இதில் என்ன கேள்வி இருக்கிறது?

அப்பா: இல்லை, அழைப்புப் பத்திரிகையில் பெயர் போட்ட மாதிரி ஆகிவிடக் கூடாது பாருங்கள்

செல்வி அக்கா: சித்தப்பா, அது நடந்து 11 வருஷம் ஆச்சு

அப்பா: எனக்கு நேற்றுப் போல் இருக்கிறது

முருகன் அண்ணன்: நான் காசை அப்பாவுக்கு அனுப்பிடறேன். முடிந்தது

பெரியம்மா: 🎤 0:12

மீனா மைனி: யாராவது சொல்லுங்க

செல்வி அக்கா: “அனுப்பினா எனக்கு அனுப்பு. அந்தக் கணக்கில் இருந்தது என் பால் காசு.”

பெரியப்பா: அது எப்போது உன் காசு ஆனது?

முருகன் அண்ணன்: வீட்டுக்குள்ளே பேசிக்கோங்கப்பா

மீனா மைனி: பாலா, திருப்பிக் கேட்பதா வேண்டாமா, ஒன்று சொல்

பாலா: நான் சொல்லிவிட்டேன் மைனி. வாங்கின கணக்கிலிருந்துதான் கேட்க முடியும், போன் பெரியப்பாவிடம் இருக்கிறது.

மீனா மைனி: மாமா?

பெரியப்பா: போன் இப்போது கவினிடம் இருக்கிறது. வேலி போடுகிறான். முடிக்கட்டும், பார்க்கலாம்.

அப்பா: அண்ணே, அப்போ வரி?

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்.

ராஜா அத்தான்: முருகன் மச்சான், அந்த ஜிபே படம் இன்னும் வரலை