புதுத் தளத்துக்கு மாறியதும் கூகுளில் காணாமல் போன பலகாரக் கடை: பேக்லிங்க் வாங்கலாமா?

பலகாரக்கடைத் தம்பி, சுங்கை சிப்புட்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் அம்மாவும் அக்காவும் பலகாரம் செய்து விற்கிறார்கள். முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை, அதிரசம். தீபாவளி வந்தால் ஈப்போ, தைப்பிங், கிள்ளான் வரைக்கும் ஆர்டர் போகும். இணையத்தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரொம்ப வருடமாக ஒரு டாட் காம் டொமேனில் தளம் இருந்தது. பார்க்கப் பழசுதான். ஆனாலும் 'சுங்கை சிப்புட் முறுக்கு' என்று தேடினால் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். இந்த வருடம் டாட் மை டொமேன் வாங்கி, ஒரு நிறுவனத்திடம் கொடுத்துப் புதிதாகச் செய்தோம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து தேடி வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இப்போது கடைப் பெயரைப் போட்டால் மட்டும் தளம் வருகிறது. நெய்யுருண்டை என்று தேடினால் எங்கேயும் இல்லை.

இந்த நேரம் பார்த்து ஒருவர் வாட்ஸ்அப்பில் 300 வெள்ளிக்கு 500 பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க், போட்டுத் தருவதாகச் சொல்கிறார். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் சரியாகணும். அம்மா, பணத்தைக் கொடுத்துவிடு என்கிறார். கொடுக்கலாமா? தள முகவரி என் குறிப்பில் இருக்கிறது.

கிள்ளான் கடைக்காரர்

தம்பி, லிங்க் இல்லாமல் ரேங்க், அதாவது தேடலில் முன்னிடம், வராது. கூகுள் தொடங்கியதே லிங்க்கை எண்ணித்தான். 300 வெள்ளி பெரிய காசு இல்லை. பண்டிகைக்கு நாள் நெருங்குகிறது, போட்டுப் பாருங்கள். புடவைக் கடை வைத்திருக்கும் என் நண்பருக்கு முதலில் நன்றாகவே ஏறியது.

ஈப்போ வெப்காரர்

கிள்ளான் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் எழுதிய கட்டுரையில், ஒரு பக்கத்துக்கு வரும் லிங்க்குகளை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடும் முறையை விளக்கினார்கள். அதுதான் பேஜ்ரேங்க். ஆனால் அதில் தலையை எண்ணுவது மட்டும் இல்லை. லிங்க் கொடுக்கும் பக்கத்துக்கே மதிப்பு இருக்க வேண்டும். அந்தப் பக்கம் நூறு பேருக்கு லிங்க் கொடுத்தால் அந்த மதிப்பும் நூறாகப் பிரியும். யாருமே எட்டிப் பார்க்காத 500 பக்கங்களிலிருந்து 500 லிங்க் வந்தால் உங்கள் பங்குக்கு என்ன மிஞ்சும்?

மிஞ்சாதது ஒரு பக்கம், ஆபத்து இன்னொரு பக்கம். அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடை, துணிமணி முதல் படுக்கை விரிப்பு வரை பல தேடல்களில் முதலிடத்தில் இருந்தது. சம்பந்தமே இல்லாத தளங்களில் அதற்காகக் காசுக்கு லிங்க் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. கூகுள் கையாலேயே இறக்கிவிட்டது. 2012 ஏப்ரலில் பென்குவின் என்ற மாற்றம் வந்த பிறகு, இப்படிப்பட்ட தளங்களைக் கணினியே கண்டுபிடித்து இறக்கியது. 2016-இலிருந்து பெரும்பாலும் அந்த லிங்க்குகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதாவது தண்டனை கிடைக்காவிட்டாலும் 300 வெள்ளி போனது போனதுதான். அம்மா உழைத்த காசு. கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கு லிங்க் குறைவு என்று தோன்றவில்லை. இருந்த லிங்க்கைத் தொலைத்த மாதிரிதான் தெரிகிறது. இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பழைய தளத்தின் நெய்யுருண்டைப் பக்க முகவரியை அப்படியே பிரவுசரில் போட்டால் எங்கே போய் நிற்கிறது? தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் பழைய டொமேன் இன்னும் உங்கள் கணக்கில் இருந்தால், லிங்க்குகள் பகுதியில் யார் யார் உங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள்?

பலகாரக்கடைத் தம்பி

பார்த்தேன் அண்ணே. பழைய முகவரி எதைப் போட்டாலும் புதுத் தளத்தின் முகப்புக்கே போகிறது. நெய்யுருண்டை, முறுக்கு, அக்கா எழுதிய 'லயத்து வீட்டு அடுப்பில் அதிரசம்' கட்டுரை, எல்லாமே அப்படித்தான்.

லிங்க் பட்டியலில் பெரிய கூட்டம் இல்லை. தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களின் பக்கம், கோயில் திருவிழாப் பக்கம், தோட்டத்து உணவு பற்றி ஒரு நாளிதழில் வந்த கட்டுரை, பினாங்கில் சாப்பாடு பற்றி எழுதும் ஒருவரின் வலைப்பூ. இன்னும் சில. பாதிக்கு மேல் நெய்யுருண்டைப் பக்கத்துக்கும் அதிரசக் கட்டுரைக்கும் வந்தவை. இது போதுமா?

ஈப்போ வெப்காரர்

போதும், தம்பி. ஒரு ஊர்க் கடைக்கு இதைவிட நல்ல லிங்க் விலைக்குக் கிடைக்காது. யாரும் கேட்காமல், சாப்பிட்டுப் பிடித்துப்போய் எழுதியவர்கள் கொடுத்தது.

அதைத்தான் புதுத் தளம் செய்தவர்கள் வீணாக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசில் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள், யாராவது எடுத்துவந்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கொடுத்தால்தான் உண்டு. உங்கள் பழைய பக்கங்களுக்கு வருவதெல்லாம் இப்போது ஆபீசிலேயே கிடக்கிறது. பழைய பக்கங்களை மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால், கூகுள் அதை 'பக்கம் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளலாம். சாஃப்ட் 404 என்பார்கள். நெய்யுருண்டைப் பக்கத்துக்கு வந்த மதிப்பு புது நெய்யுருண்டைப் பக்கத்துக்குப் போய்ச் சேராது.

செய்ய வேண்டியது இதுதான். பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட், அதாவது நிரந்தரமாகத் திருப்பிவிடுவது, செய்யச் சொல்லுங்கள். நெய்யுருண்டை நெய்யுருண்டைக்கு, முறுக்கு முறுக்குக்கு. அதிரசக் கட்டுரையைப் புதுத் தளத்தில் போடவே இல்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள், ஏனென்றால் உங்கள் தளத்திலேயே அதற்குத்தான் ஆட்கள் மனம் வைத்து லிங்க் கொடுத்திருக்கிறார்கள். பிறகு சர்ச் கன்சோலில் இரண்டு டொமேனும் உங்கள் பெயரில் உறுதியான பின், முகவரி மாற்றம் என்ற வசதியில் தெரிவியுங்கள். 301 போட்டால் மதிப்பு குறையும் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். குறையாது என்று கூகுள்காரர்கள் 2016-லேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் உடனே தெரியாது, சில வாரம் பிடிக்கும்.

பள்ளிப் பக்கத்துக்கும் வலைப்பூக்காரருக்கும் ஒரு வரி எழுதி, லிங்க்கைப் புது முகவரிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்தவர்கள்தானே, மாற்றுவார்கள். கூகுள் மேப்பில் இருக்கும் கடைக் குறிப்பிலும் பழைய முகவரி கிடக்கும், பாருங்கள்.

கோலகங்சார் டீச்சர்

தம்பி, உங்கள் தளத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். லிங்க் சரியானாலும் இன்னொரு தடை இருக்கிறது. பலகாரப் பெயர், விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது எல்லாமே போஸ்டர் படத்துக்குள் இருக்கிறது. பழைய தளத்தில் அது எழுத்தாக இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் வர முடியாது. 'நெய்யுருண்டை' என்ற சொல் எழுத்தாக உங்கள் தளத்தில் எங்குமே இல்லையே! பாசிப்பயறு வறுக்கும் பக்குவத்தை அக்கா எவ்வளவு அருமையாக எழுதியிருந்தார். அந்த வரிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நம் ஆட்கள் தமிழில் மட்டும் தேடுவதில்லை. ரோமன் எழுத்தில் தட்டுவார்கள், பாதி மலாய் கலந்து தட்டுவார்கள். அதற்காக ஒரே சொல்லை நாற்பது முறை எழுத வேண்டாம். பலகாரப் பெயருக்குக் கீழே ஆங்கில எழுத்திலும் ஒரு முறை, மலாயில் ஒரு விளக்க வரி என்றால் படிக்கிறவர்களுக்கும் உதவும். தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டவர்கள் அம்மா கைப்பக்குவத்தைத் தேடும்போது உங்கள் கடை கண்ணில் பட வேண்டும் என்பது என் ஆசை.

மெனுவும் சரியில்லை. தொட்டால் வேலை செய்கிறது, ஆனால் புது டேபில் திறக்க முடியவில்லை. லிங்க் மாதிரி தெரியும் வெறும் பட்டன் என்று நினைக்கிறேன். ஈப்போ ஐயா பார்த்துச் சொல்லட்டும்.

ஈப்போ வெப்காரர்

டீச்சர் சரியாகப் பிடித்தார். மெனு முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் பட்டன். கூகுள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக பக்கத்தின் நிரலில் லிங்க்குக்கான ஏ டேக்கும் அதற்குள் எச்ரெஃப் என்று போகவேண்டிய முகவரியும் வேண்டும். அது பட்டனைத் தொட்டுப் பார்க்காது. அதனால் வெளியிலிருந்து முகப்புக்கு வந்த மதிப்பும் உள்ளே இறங்கவில்லை. உள் லிங்க்கும் லிங்க்தான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். போஸ்டர்களை எடுத்தாலே பாதி எடை குறைந்துவிடும். முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவு. ஆனால் வேகத்தால் மட்டும் யாரும் இப்படிக் காணாமல் போவதில்லை.

கிள்ளான் கடைக்காரர்

நண்பருக்கு ஏறியது இரண்டே மாதம்தான் நின்றதாம், இன்று கேட்டேன். அதனால் ஈப்போக்காரர் பக்கமே நிற்கிறேன். ஒரு சந்தேகம்: தீபாவளி மலரில் காசு கொடுத்து விளம்பரம் போட்டால், அதன் இணையப் பக்கத்திலிருந்து வரும் லிங்க்கும் தப்பா?

ஈப்போ வெப்காரர்

விளம்பரம் தப்பே இல்லை. அந்த லிங்க்கின் நிரலில், இது காசு கொடுத்துப் போட்டது என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்பான்சர்ட் என்ற குறி இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2005-இல் வந்த நோஃபாலோ குறியும் போதும். 2019-இல் ஸ்பான்சர்ட் தனியாக வந்தது. அந்த லிங்க் ரேங்க்குக்கு உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் அதைப் பார்த்து ஆட்கள் வந்து வாங்குவார்கள். கடைக்கு வேண்டியது அதுதானே.

பலகாரக்கடைத் தம்பி

அண்ணே, டீச்சர், ரொம்ப நன்றி. ரீடைரக்ட் எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் மாற்றியாயிற்று. மெனுவும் சரி. அதிரசக் கட்டுரை திரும்ப வந்துவிட்டது, அக்காவுக்கு ரொம்பச் சந்தோஷம். பள்ளிப் பக்கத்தில் அன்றே மாற்றினார்கள். நெய்யுருண்டை இரண்டாம் பக்கத்தில் தெரிகிறது, முறுக்கு இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. புதுப் பக்கங்களின் முகவரியில் தமிழ் எழுத்து இருக்கிறது, ஒட்டினால் சதவீதக் குறியாக நீண்டுபோகிறது. மாற்றவா? பழைய டாட் காம் சீக்கிரம் காலாவதியாகிறது. விட்டுவிடலாமா?

ஈப்போ வெப்காரர்

முகவரியை மாற்றாதீர்கள். தமிழ் எழுத்துக்குறி ஒன்று யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக வருவதால் ஒட்டும்போது ஒன்பது எழுத்தாக விரிகிறது. பார்க்க அசிங்கம், கூகுளுக்குப் புரியும். இப்போது மாற்றினால் இன்னொரு சுற்று ரீடைரக்ட் வேலை.

டாட் காமைக் கண்டிப்பாகப் புதுப்பியுங்கள். ரீடைரக்ட் குறைந்தது ஒரு வருடமாவது இருக்கணும், முடிந்தால் எப்போதும் இருக்கட்டும். விட்டுவிட்டால் யாராவது அதை வாங்கிச் சூதாட்டத் தளம் வைப்பார்கள். கூகுள் 2024 மார்ச்சில் அதைத் தனியாக ஒரு ஏமாற்று வேலை என்று விதியில் சேர்க்கும் அளவுக்கு அது நடக்கிறது. பள்ளியும் கோயிலும் நாளிதழும் கொடுத்த லிங்க் அந்தச் சூதாட்டப் பக்கத்துக்குப் போய் நிற்கும். நாளிதழ்க் கட்டுரையில் லிங்க்கை மாற்றுவார்களா என்பது சந்தேகம்தான், அதற்காகவே அந்த டொமேனைக் கையில் வைத்திருங்கள். முறுக்குப் பக்க முகவரியைச் சர்ச் கன்சோலில் இருக்கும் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டு என்ன வருகிறது என்று இங்கே சொல்லுங்கள், பார்ப்போம்.