புதுப்பிப்பு: 6400 ஆசையை விட்டு 6000 ரேம் வாங்கிவிட்டேன்

ஏஎம்டியின் ரைசன் 7 7700 செயலிக்கு (கணினியின் சிபியு), பின்னாளில் ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட) ஏற்றது 6000 வேக டிடிஆர்5 ரேமா, 6400-ஆ என்று முன்பு கேட்டிருந்தேன். 6000, சிஎல் 30 (கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் கடிகாரச் சுற்றுகள்), 16 ஜிபி ஸ்டிக் இரண்டு என்று முடித்துவிட்டேன்.

கணக்குப் போட்டதும் ஆசை பாதி அடங்கியது. 6000-இல் சிஎல் 30 என்றால் தாமதம் 10 நானோநொடி. 6400-இல் சிஎல் 32 என்றாலும் அதே 10. போதாக்குறைக்கு, 6400 ரேமோடு ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில், அதாவது ஒரே கடிகார வேகத்தில் வைக்க, செயலியில் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் 6400-இல் பாதியான 3200 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும். எல்லாச் சில்லுகளும் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. நான்கு ஸ்டிக் யோசனையும் போயிற்று. நான்கு போட்டால் இந்தச் செயலிக்கான அதிகாரபூர்வ ரேம் வேகமே 3600-க்கு இறங்கிவிடுகிறது.

ரேமை அதன் விளம்பர வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே நின்றது. பதறிப்போய்ப் பவர் பொத்தானில் விரலை வைத்துவிட்டேன். நல்லவேளை, அழுத்தவில்லை, மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறது (புது வேகத்துக்கு ஏற்ற அமைப்புகளைச் சோதித்துத் தேர்வது).

இப்போது ரேமில் பிழை உண்டா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடுகிறது, மூன்றாவது சுற்று. இதுவரை பிழை இல்லை.