நியூ வேர்ல்ட்: ஜா-சொங் எப்போது கட்சி மாறினான்?

திண்ணைவாசி: 2013-இல் வந்த கொரியப் படம் நியூ வேர்ல்ட் பற்றி நேற்று இங்கே ஒரு மேதை எழுதியிருந்தார்: "ஜா-சொங் நேர்மையான போலீஸ்காரன், மேலதிகாரி காங் கசக்கிப் பிழிந்ததால்தான் ரவுடியானான்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. கடைசிக் காட்சிக்கு முன்பே எழுந்து போய்விட்டீர்களா? ஆறு ஆண்டுகளுக்கு முன், யோசு நகரம். ஜா-சொங்கும் அவனுடைய கும்பல் கூட்டாளி ஜொங் சொங்கும் கத்தியோடு எதிரிக் கும்பலுக்குள் புகுகிறார்கள். படம் முழுக்க உம்மென்று இருந்தவன் அங்கே வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். அன்றைக்கே அவன் போலீஸ் இல்லை.

மழைக்காகிதம்: அந்த மேதை நான்தான். கோல்ட்மூன் கும்பலில் போலீஸ் உளவாளியாக எட்டு ஆண்டுகள் ஒளிந்திருக்கிறான். விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறான், காங் விடுவதாயில்லை. தலைவர் கார் விபத்தில் செத்ததும், அடுத்த தலைவர் யார் என்பதைப் போலீஸே தீர்மானிக்கப் பார்க்கிறது. கர்ப்பிணி மனைவிகூடக் காங்குக்குத் தகவல் சொல்பவள். இத்தனையும் விட்டுவிட்டு ஒரு சிரிப்பா?

திண்ணைவாசி: ஒரு சிரிப்புதான், அம்மணி. எட்டில் ஆறு போனால் இரண்டு. இரண்டே ஆண்டில் சிரிப்பு வந்துவிட்டது.

மழைக்காகிதம்: "அம்மணி"யை உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுப்பட்டியான்: இரண்டு பேருமே யோசுவைச் சேர்ந்த சீன வம்சாவளியினர். கொரியாவில் அவர்கள் வெளியாட்கள். அவனுக்கு அந்த உறவு முதலில், காக்கிச்சட்டை அப்புறம். இதைப் பேசாமல்...

திண்ணைவாசி: வம்சாவளியா சிரித்தது? அவன்தானே சிரித்தான்.

பழைய கான்ஸ்டபிள்: கதையே நம்பும்படி இல்லை. அடையாளம் மறைத்துப் புலனாய்வு செய்யக் கொரியச் சட்டம் வெளிப்படையாக இடம் கொடுத்ததே 2021-இல்தான். அதுவும் சிறார் மீதான இணையப் பாலியல் குற்றங்களுக்காக. எட்டு ஆண்டுகள் ஒருவனை ரவுடிக் கும்பலில் விட்டுவைக்க எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

ரீல்பெட்டி: 2002-இல் ஹாங்காங்கில் எடுத்த இன்ஃபெர்னல் அஃபேர்ஸின் நகல் இது. இதற்கு இவ்வளவு சண்டையா?

திண்ணைவாசி: அதில் போலீசுக்குள்ளும் கும்பலின் ஆள் இருப்பான். இதில் அந்த எலி–பூனை ஆட்டமே கிடையாது. ஓல்ட்பாய் படத்தின் நாயகனைப் பத்து ஆண்டுகள் அடைத்துவைத்தார்கள் என்று போன மாதம் எழுதியவர்தானே நீங்கள்? பதினைந்து ஐயா, பதினைந்து.

ரீல்பெட்டி: அதை இன்னும் மறக்கவில்லையா நீங்கள்!

மழைக்காகிதம்: கிடங்குக் காட்சிக்கு வாருங்கள். சீன ஹேக்கர்கள் மூலம், உளவாளிகள் யார் என்று காட்டும் போலீஸ் கோப்பு ஜொங் சொங் கைக்கு வந்துவிட்டது. ஜா-சொங்கின் கண்ணெதிரே இன்னொரு உளவாளியை மண்வெட்டியால் அடித்தே கொல்கிறான். இவனை மட்டும் தொடவில்லை. அப்போது ஜா-சொங்கின் முகத்தைப் பாருங்கள். மனதளவில் ரவுடியாகிவிட்டவன் எதற்கு வெலவெலத்துப் போகிறான்?

திண்ணைவாசி: அகப்பட்டால் திருடனுக்கும்தான் வெலவெலக்கும். பயம் எதையும் நிரூபிக்காது. யாரும் கட்டாயப்படுத்தாமல் வந்த சிரிப்பு நிரூபிக்கும்.

மழைக்காகிதம்: உயிர் தப்பினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? என் தம்பி பைக்கிலிருந்து விழுந்து முட்டி உடைந்தபோதும் சிரித்தான். உடனே கட்சி மாறிவிட்டானா?

திண்ணைவாசி: உங்கள் தம்பி கையில் கத்தி இருந்ததா?

கல்லுப்பட்டியான்: ஆஸ்பத்திரியில் சாகும்போது ஜொங் சொங் என்ன சொல்கிறான்? கல்நெஞ்சோடு இரு, அப்போதுதான் பிழைப்பாய் என்கிறான். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் இவன் காங்கைத் தீர்த்துக்கட்டுகிறான். அப்படியானால் மாற்றம் அங்கேதானே...

திண்ணைவாசி: அங்கே முடிவு எடுத்தான். மாறியது யோசுவில். இந்த வித்தியாசத்தை எத்தனை முறை சொல்வது?

பழைய கான்ஸ்டபிள்: என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

திண்ணைவாசி: இப்போதுதான் கடைசிக் காட்சியை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் சிரிக்கிறான்.

மழைக்காகிதம்: நான்காவது முறை பார்த்தால் அழுவான் என்று நினைத்தீர்களா? சிரிக்கவில்லை என்று நான் எப்போது சொன்னேன்?

ரீல்பெட்டி: அது ஜொங் சொங்கா, ஜங் சோங்கா? முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள்.

திண்ணைவாசி: பதினைந்தைப் பத்து என்று எழுதியவர் எனக்கு எழுத்துப் பிழை பார்க்கிறார்.