கைரேகை பதியாவிட்டால் அரிசி இல்லையா? ஜார்கண்ட் ஆய்வை முன்வைத்து ஒரு விவாதம்

கரிசல்:
ரேஷன் கடைகளில் ஆதார் கைரேகைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது தவறு என்பதே என் உறுதியான கருத்து. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூன்று பொருளியலாளர்களும் ஜார்கண்டில் சுமார் 1.5 கோடிப் பயனாளிகளை உள்ளடக்கி ஆய்வு நடத்தி, 2020-இல் அதை வெளியிட்டார்கள். கைரேகை இயந்திரம் வந்ததனால் மட்டும் அங்கே முறைகேடு குறையவில்லை. ஆனால் அதற்கு முன் குடும்ப அட்டையுடன் ஆதார் எண்ணைப் பதிந்திராத 23 விழுக்காட்டினருக்குக் கிடைத்துவந்த பொருள்களின் மதிப்பு 10 விழுக்காடு குறைந்துபோனது.

வைகறை:
அதே மூவர் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 1.9 கோடி மக்கள் வாழும் பகுதியில் நடத்திய, 2016-இல் வெளியான ஆய்வையும் சேர்த்துப் பேசுங்கள். நூறு நாள் வேலைக்கான கூலியைக் கைரேகையுடன் இணைந்த ஸ்மார்ட் கார்டு வழியாக வழங்கியபோது பணம் விரைவாகக் கைக்கு வந்தது, நடுவில் சுருட்டப்படுவதும் குறைந்தது. பழைய முறையில் ஏழையின் பங்கை யார் தின்றார்கள் என்பதை மறந்துவிட்டு இயந்திரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கரிசல்:
அந்த ஒப்பீடு என் வாதத்திற்கே வலுச் சேர்க்கிறது. ஆந்திரத்தில் கார்டு பெறாதவர்களும் பழைய வழியில் கூலி வாங்க இடம் இருந்தது. ஜார்கண்டில் அந்தக் கதவு பெருமளவு அடைக்கப்பட்டது. மேலும், ழான் டிரீஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதுபோல, ரேஷனில் நடக்கும் களவில் பெரும்பகுதி ஆள்மாறாட்டம் அன்று, அளவுக் குறைப்பு. உரியவரிடமே ரேகையை வாங்கிக்கொண்டு எடையில் ஒரு கிலோவைக் குறைத்துக் கொடுக்கும் கடைக்காரரை எந்த இயந்திரம் பிடிக்கும்?

நெல்மணி:
சட்டத்தையும் பார்க்க வேண்டும். நலத்திட்டப் பயன்களுக்கு ஆதாரைக் கேட்க அரசுக்கு இடம் தரும் ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவே, ஆதார் எண் வழங்கப்படாதவருக்கு மாற்று வழி தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அப்பிரிவை ஏற்றது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாருடன் இணைக்காததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு வீட்டில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினிச் சாவு என்றார் தாய். மலேரியா என்றது அரசு. எது காரணமாக இருந்தாலும், அந்த வீட்டுக்கு அரிசி நின்றுபோனதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

வைகறை:
அந்த மரணத்தை எண்ணி நானும் வருந்துகிறேன். ஆயினும் ஜார்கண்ட் ஆய்வின் அடுத்த பகுதியை நீங்கள் இருவரும் தொடவில்லை. இயந்திரத்தில் பதிவான விற்பனையைக் கொண்டு ஒவ்வொரு கடைக்கும் அனுப்பும் தானியத்தை அரசு கணக்கிடத் தொடங்கிய பிறகு தானியம் நடுவில் களவுபோகும் கசிவு உண்மையாகவே குறைந்தது.

கரிசல்:
குறைந்தது, ஆனால் மக்கள் பெற்றதும் கூடவே குறைந்தது. கையிருப்பில் இருப்பதாகக் கணக்குக் காட்டிய தானியத்தைக் கடைக்காரர் முன்பே விற்றுத் தீர்த்திருந்தார். அரசு அதைக் கழித்துக்கொண்டு அனுப்பியபோது அந்தப் பற்றாக்குறை அட்டைதாரரின் தலையில்தான் விழுந்தது.

வைகறை:
அப்படியானால் அந்தக் கழிப்பைக் கடைக்காரரின் தரகுத் தொகையிலும் உரிமத்திலும் வையுங்கள். பதிவு முறையை ஏன் கைவிட வேண்டும்?

கரிசல்:
பதிவு இருக்கட்டும். ரேகை பதியாத நாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசியை அளந்து போடக் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தும் விதி, மறுத்தால் தண்டத்துடன், முதலில் நடைமுறைக்கு வரட்டும். அதுவரை இயந்திரத்தைக் கட்டாயமாக்குவதை என்னால் ஏற்க முடியாது.