பழைய கொரோலாவில் பிழைக்குறி எண்ணை நாமே படித்துப் பயன் உண்டா?

வடமராட்சி94:
என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஏஇ100, 5ஏ-எஃப்இ என்ஜின். காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகத் தயங்குகிறது. செக் என்ஜின் விளக்கும் அணையாமல் எரிகிறது. கைப்பேசியில் குறி காட்டும் ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன், ஆனால் அதைச் செருகும் 16 முனைச் சொக்கெற் இந்த வண்டியில் இல்லை. பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

மின்னோட்டம்:
வேண்டாம். பற்றரியைக் கழற்றினால் பழுது அப்படியே இருக்க, அதைப் பற்றிய பதிவு மட்டும் அழிந்துபோகும். அந்த ஸ்கேனர் படிப்பது ஓபிடி-2 என்ற பொதுத் தரநிலைக் குறிகளை; அமெரிக்காவில் அது கட்டாயமானது 1996இல்தான். உங்கள் வண்டி அதற்கு முந்தியது என்பதால் அந்த ஸ்கேனர் இதனுடன் பேசாது. பொனற்றைத் திறந்தால் டயக்னோசிஸ் என்று எழுதிய மூடியுள்ள சிறு பெட்டி இருக்கும். அதில் டிஇ1, இ1 என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஓன் நிலைக்குத் திருப்புங்கள். விளக்கு இடைவிடாமல் ஒரே சீராக மின்னினால் பதிவான குறி எதுவும் இல்லை. இரண்டு முறை மின்னிச் சற்று நின்று மீண்டும் இரண்டு முறை மின்னினால் 22, அதாவது என்ஜின் நீரின் வெப்பநிலைச் சென்சர். ஏசியை நிறுத்தி, அக்சிலரேட்டரில் கால் வைக்காமல் பாருங்கள். இல்லையென்றால் பழுது இல்லாமலே 51 என்ற குறி வந்து குழப்பும்.

கராஜ்வாசி:
தம்பி மின்னோட்டம் சொல்லும் முறை சரியானதே, ஆனால் அதை எல்லோருக்கும் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. அதே பெட்டியில் பற்றரி மின்சாரம் வரும் முனையும் இருக்கிறது. அதை இ1உடன் தவறி இணைத்தால் பியூஸ் போகும். அதைவிடப் பெரிய கவலை, எண் கிடைத்தவுடன் கடைக்கு ஓடி அந்தப் பெயருள்ள பாகத்தை வாங்கும் பழக்கம். எக்ஸோஸ்ட் குழாயில் ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால் ஓட்டை இருந்தாலோ, ஒரு பிளக் சரியாக எரிக்காவிட்டாலோ, எரியாத ஒக்சிஜனைப் பார்த்து அந்தச் சென்சர் பெற்றோல் குறைவு என்றே அறிவிக்கும். குற்றமற்ற சென்சரைக் கழற்றி எறிந்து, விலை கொடுத்துப் புதியது பூட்டி, பிறகும் அதே பழுதோடு வந்து நிற்பவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வடமராட்சி94:
இருவருக்கும் நன்றி. இணைத்துப் பார்த்தேன், 22 மட்டுமே வருகிறது.

மின்னோட்டம்:
அண்ணா கூறும் ஆபத்து உண்மை. ஆனால் அது எண்ணைப் படிப்பதன் குற்றமன்று, படித்தபின் அளக்காமல் விடுவதன் குற்றம். 22 என்பது அந்தச் சென்சரின் மின்சுற்று எங்கோ அறுந்திருக்கிறது அல்லது ஷோர்ட் ஆகியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அப்போது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர், நீர் 80 பாகை வெப்பத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு பெற்றோலைக் குறைத்துக் கொடுக்கும் என்பதால், குளிர்ந்த என்ஜின் காலையில் தயங்குவதற்கும் இந்தக் குறிக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கம்பியூட்டரையும் சென்சரையும் மாற்றுவதற்கு முன், சென்சரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் அளவிடுங்கள்: 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம் இருக்க வேண்டும். நம் ஊர்க் காலை வெயிலில் 20 பாகை கிடைக்காது. 2 கிலோ ஓமுக்குச் சற்றுக் கீழே வந்தால் பயப்பட வேண்டாம். சென்சர் சரியென்றால், சாவி ஓனில் இருக்கும்போது கழற்றிய கனெக்டரின் வயர்ப் பக்கத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பழுது வயரிலோ கம்பியூட்டர் பக்கத்திலோ இருக்கிறது.

கராஜ்வாசி:
அளக்கச் சொன்னது நன்று; இந்த இடத்தில் நான் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மீற்றர்ப் பலகைக்குப் போகும் ஒற்றை வயர்ச் சென்சர் வேறு, கம்பியூட்டருக்குப் போகும் இரட்டை வயர்ச் சென்சர் வேறு. பலர் முன்னதை மாற்றிவிட்டு 22 போகவில்லை என்று புலம்புவார்கள். அத்துடன், அந்தக் காலத்துக் கம்பியூட்டர் அறுந்ததையும் ஷோர்ட் ஆனதையும்தான் கண்டுகொள்ளும். சென்சர் தேய்ந்து தவறான அளவைக் காட்டினால், அது எல்லைக்குள் இருக்கும்வரை குறி எதுவும் பதிவாகாது. பெற்றோல் பம்ப் தளர்வதற்கோ, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி வெடிப்பதற்கோ இந்த வண்டியில் எண்ணே கிடையாது. ஆகவே குறி வரவில்லை என்பதை வைத்து என்ஜின் நலம் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மின்னோட்டம்:
குறி வராத பழுதுகளுக்கு அது பொருந்தும். இங்கே குறி வந்திருக்கிறது, அதுவும் அறிகுறியோடு ஒத்துப்போகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு துண்டு வயர் செய்யும் வேலையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வடமராட்சி94, கடலோரக் காற்றில் கனெக்டர் முனைகள் பச்சை பூத்திருக்கலாம், முதலில் அதைத் துடைத்துவிட்டு அளவுகளை எடுங்கள். பழுதைச் சரிசெய்தபின் இஎஃப்ஐ என்று குறித்த 15 அம்பியர் பியூஸைச் சிறிது நேரம் கழற்றி வைத்துக் குறியை அழித்து, ஓட்டிவிட்டு மறுபடியும் படியுங்கள். எத்தனை ஓம், எத்தனை வோல்ட் வந்தது என்பதை இங்கே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அண்ணாவும் நானும் மேலே பேசுகிறோம்.