பெருமாள் ஏரி விரால்: வாங்கலாமா, வேணாமா?

முதுநகர்வாசி:
நேத்து கடலூர் மாவட்டம் ஆலப்பாக்கம் பக்கம் ரோட்டோரம் வண்டிய நிறுத்தினேன். டிரம்முல விரால் உயிரோட புரளுது. விலை பேசி முடிச்சப்புறம் வீட்ல போன் பண்ணா, "பெருமாள் ஏரி மீனா? பாதரசம்னு சொல்றாங்க, வேணாம்"னுட்டாங்க. 2023ல பூவுலகின் நண்பர்கள் அமைப்பு நெய்வேலி, பரங்கிப்பேட்டை சுத்துவட்டாரத்துல தண்ணியும் மண்ணும் எடுத்துச் சோதிச்சு, பாதரசம் இருக்குன்னு அறிக்கை விட்டாங்க. பசுமைத் தீர்ப்பாயம் தானாவே அதை வழக்கா எடுத்துச்சு. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம், அனல்மின் நிலையம் பக்கத்துத் தண்ணிதான் பரவனாறு வழியா இந்த ஏரிக்கு வருது. விஷயம் தெளிவாகுற வரைக்கும் யாரும் இந்த மீனை வாங்கக் கூடாதுங்கிறது என் கட்சி.

அன்னக்கூடை:
அண்ணே, நீங்க வாங்காம போன கூடை எங்க அம்மாவோடதா கூட இருக்கும். போன மாசம் செத்த மீன் மிதக்குற படம் ஒண்ணு வாட்சப்புல சுத்துச்சு. மூணு நாள் கெண்டை அப்படியே திரும்பி வந்துச்சு. உப்பு போட்டு கருவாடாக்கினோம். அதையும் கேக்க நாதியில்ல. நீங்க கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக் காத்தைக் குடிச்சிக்கிட்டு எங்க ஏரிக்கு நாள் குறிக்கிறீங்க. 2009ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எந்தத் தொழிற்பகுதியில எவ்வளவு மாசுன்னு போட்ட பட்டியல்ல கடலூருக்கு நூத்துக்கு 77.45 மார்க். 70 தாண்டினாலே ரொம்ப மோசம்னு அர்த்தம். அப்ப நீங்க ஊரைக் காலி பண்ணீங்களா?

குறிஞ்சிப்பாடி72:
சரியா கேட்டே தம்பி. சுரங்கத்துல இறைச்சு விடுற தண்ணி வரலைன்னா கோடையில இந்தப் பக்கம் பாதி நிலம் தரிசுதான். எங்கப்பா 84 வயசு வரைக்கும் வாரம் ரெண்டு தடவை ஏரி மீன் சாப்பிட்டவர். புளியைக் கரைச்சு, மஞ்சள் போட்டு, தளதளன்னு கொதிக்க வெச்சா எந்த விஷமும் நிக்காது.

வேதியல்_வாத்தி:
ஐயா, கொதிச்சா சாகுறது கிருமி. பாதரசம் ஒரு தனிமம், அது எங்கயும் போகாது. நிலக்கரியில அது துளித்துளியா இருக்கு. எரிக்கும்போது கொஞ்சம் புகையில போகும், கொஞ்சம் சாம்பல்ல தங்கும். தண்ணிக்கு வந்து சேர்ந்தா அடிச் சேத்துல படியும். அங்க காத்துப் படாத இடத்துல இருக்குற பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமா, அதாவது உயிருங்க உடம்புல சுலபமா சேர்ற வடிவமா மாத்துது. வில்லங்கமே அங்கதான் ஆரம்பிக்குது. பாசியில கொஞ்சம், அதைத் தின்னும் பூச்சியில இன்னும் கொஞ்சம், அதைத் தின்னும் மீன்ல அதுக்கும் மேல. அது சதையோட புரதத்துல போய் ஒட்டிக்கும். தோலை உரிச்சாலும் வறுத்தாலும் விடாது.

அன்னக்கூடை தம்பிக்கு: அந்தப் படத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. விடியக்காலையில கூட்டமா மீன் செத்து மிதந்தா, அது பெரும்பாலும் தண்ணியில ஆக்சிஜன் தீர்ந்து போனதால.

அன்னக்கூடை:
அதைத்தான் சார் நான் தலைபாடா அடிச்சிக்கிறேன்!

வேதியல்_வாத்தி:
சந்தோஷப்பட்டுடாதீங்க. பாதரசம் ஏறின மீன் மிதக்காது, நல்லா துள்ளும். செவுளைத் தூக்கிப் பார்த்தா சிவப்பாத்தான் இருக்கும். கையில புடிச்சுப் பார்க்குற எந்த சோதனையிலயும் அது தெரியாது.

முதுநகர்வாசி:
அப்ப நான் சொன்னதுதானே சரி?

வேதியல்_வாத்தி:
பாதிதான். எல்லா மீனும் ஒண்ணில்ல. ஜிலேபியும் கெண்டையும் பாசி, தழைன்னு மேயுறவை. விரால், வாளை ரெண்டும் மத்த மீனைத் தின்னுறவை, அதுவும் வயசாகி எடை போட்டதுல அதிகமா சேரும். மொத்த ஏரிக்கும் தடைன்னு நீங்க சொல்றது வலைக்காரங்க வயித்துல அடிக்கிற மாதிரி.

குறிஞ்சிப்பாடி72:
தண்ணியில வரம்புக்குள்ளதான் இருக்குன்னு வந்துட்டா?

வேதியல்_வாத்தி:
குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அது குடிக்கிறவனுக்கு. தண்ணியில இருக்குறதை விட லட்சம் மடங்கும் அதுக்கு மேலயும் பெரிய மீன் சதையில சேரலாம். தண்ணி ரிப்போர்ட்டைக் காட்டி மீனைப் பத்திப் பேச முடியாது. ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

புதுப்பாளையம்_அக்கா:
நீங்க சண்டை போடுங்க. எனக்கு அஞ்சாம் மாசம். மாமியார் விரால் குழம்புதான் உடம்புக்கு நல்லதுன்னு வாரா வாரம் வைக்கிறாங்க. நான் என்ன பண்ண?

வேதியல்_வாத்தி:
பெரிய விராலை மட்டும் நிறுத்திடுங்கம்மா. ஜப்பான்ல மினமாட்டாவுல 1956ல வெளிய வந்த கதை அதுதான். பாதரசம் இருந்த ஆலைக்கழிவு கடல்ல கலந்து மீனுக்குள்ள போச்சு. பெருசா நோய் தெரியாத தாய்மாருக்குக் கூட மூளை பாதிச்ச பிள்ளைங்க பிறந்துச்சு. நம்ம ஏரி அந்த அளவுன்னு நான் சொல்லல, பயப்படாதீங்க. உடம்புல சேர்ந்ததுல பாதி வெளியேறவே ஏறக்குறைய ரெண்டு மாசம் ஆகும், அதான் வாரா வாரம் வேணாங்கிறேன். மீனையே விட வேணாம், கடல் மத்தி, கவலை சாப்பிடுங்க. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

புதுப்பாளையம்_அக்கா:
மத்தின்னா மாமியார் முகத்தை சுளிப்பாங்க. பரவால்ல, சமாளிக்கிறேன்.

அன்னக்கூடை:
சார், ஒண்ணு கேக்குறேன். ஏரிய குத்தகைக்கு விடும்போது பணம் வாங்கத் தெரியுதுல்ல, வருஷத்துக்கு ஒரு தடவை நாலு மீனை அறுத்துப் பார்த்து ரிப்போர்ட்டை ஏரிக்கரையில ஒட்டினா என்ன? நல்லாருக்குன்னா கூவி விப்போம். இல்லன்னா நாங்களே விராலை விட்டுட்டு ஜிலேபிக்கு வலை மாத்திக்கிறோம். எங்க வீட்டுப் பிள்ளைங்களும் அதைத்தான் சார் திங்குது.

முதுநகர்வாசி:
தம்பி, இதுல நான் உங்க கட்சி. வாங்காதீங்கன்னு மொட்டையா சொன்னது தப்புதான்.

அன்னக்கூடை:
அப்ப நானே தரேன். ஒன்றரை கிலோ விரால் ஒண்ணு, கெண்டை ரெண்டு, ஜிலேபி நாலு. காசு வேணாம். லேப் செலவை நீங்க எல்லாம் பாத்துக்கங்க. என்ன ரிசல்ட் வந்தாலும் மறைக்காம இங்கயே போடணும்.

வேதியல்_வாத்தி:
ஐஸ்ல வெச்சு அன்னைக்கே கொடுக்கணும். எந்த இடத்துல புடிச்சதுன்னு எழுதி வைங்க.

முதுநகர்வாசி:
ஐஸ் பெட்டி என்கிட்ட இருக்கு. சனிக்கிழமை காலையில வரேன்.

குறிஞ்சிப்பாடி72:
அந்த விரால்ல வால் துண்டு மிச்சமானா எனக்கு எடுத்து வைங்கப்பா.